டெலி கடையில் 'உள்ளூர்' என்றால் எவ்வளவு உள்ளூர்?

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: "அடுத்த மாதம் குடும்பத்தோடு தென்மேற்கு ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ், கேலோவே பக்கம் போகிறோம். அங்கே ஃபார்ம் ஷாப் (பண்ணைக் கடை), டெலி (சீஸ், இறைச்சி, சட்னி வகைகள் விற்கும் கடை), ஸ்மோக்ஹவுஸ் (மீன், இறைச்சிக்குப் புகைபோடும் இடம்) என்று வழிநெடுக இருப்பதாகச் சொல்கிறார்கள். சூப்பர்மார்க்கெட்டில் கிலோ எட்டு பவுண்டுக்குக் கிடைக்கிற சீஸ் அங்கே முப்பது பவுண்டு. எல்லாம் நிஜமாகவே அந்த ஊரில் செய்ததுதானா, இல்லை டூரிஸ்டுகளுக்காகப் போட்ட வேஷமா? அப்புறம், என் மனைவி சைவம். அவருக்கு அங்கே என்ன வாங்கலாம்?"

சைவக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். மற்றதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பொருளா என்பது ஒன்று. கையால், சின்ன அளவில் செய்ததா என்பது இன்னொன்று. கேட்கிற விலை நியாயமா என்பது மூன்றாவது. கடைக்காரர்களின் விளம்பரப் பலகை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் நாமும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் மற்றதற்கும் 'ஆமாம்' என்று ஆகிவிடாது. இந்தக் குழப்பத்தைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் படித்தது பால் தொழில்நுட்பம். பல வருடமாக ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் பால் பண்ணைகள், சின்னச் சின்ன சீஸ் கூடங்களின் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறேன். அதனால் பால், சீஸ், லேபிள் விதிகள் பற்றித் துணிந்து சொல்வேன். இறைச்சியும் மீனும் என் துறை இல்லை. அவற்றைப் பற்றி ஒரு வாடிக்கையாளரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த இடம் வரும்போது சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன்.

முதலில் இந்த வட்டாரம் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான காற்றும் ஓயாத மழையும் சேர்ந்து, ஸ்காட்லாந்திலேயே புல் அதிக நாள் வளரும் இடங்களில் ஒன்றாக இந்தத் தென்மேற்கு மூலையை ஆக்கியிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் கறவை மாடுகளில் ஏறத்தாழ பாதி டம்ஃப்ரீஸ், கேலோவே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. வடக்கே ஒட்டியிருக்கும் அயர்ஷயரில்தான் அந்தப் பெயருள்ள செம்பழுப்பும் வெள்ளையுமான கறவை மாட்டினம் உருவானது. அயர்ஷயரின் டன்லப் என்ற கிராமத்துக்கு ஸ்காட்லாந்தின் சீஸ் கதையில் தனி இடம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மதக் கலவரத்துக்குப் பயந்து அயர்லாந்துக்குப் போன பார்பரா கில்மோர் என்ற பெண் ஊர் திரும்பியதும் ஆடை எடுக்காத முழுப் பாலில் சீஸ் செய்ய ஆரம்பித்தார் என்பது வழிவழியாக வரும் கதை. அதற்கு முன் அந்தப் பக்கம் ஆடையை வெண்ணெய்க்கு எடுத்துவிட்டு மிச்சப் பாலில்தான் செய்வார்கள். அவர் ஒருவரே தொடங்கிவைத்தாரா என்பதை வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கட்டும். ஆனால் முழுப்பால் சீஸ் அங்கிருந்து ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதி முழுவதும் பரவியது உறுதி.

அப்படியானால் அந்த ஊர்ப் பெயரிலேயே வழங்கும் டன்லப் சீஸ் ஏன் இன்று எல்லாக் கடையிலும் இல்லை? இரண்டு முறை அடி விழுந்தது. 1850களில் அயர்ஷயர் விவசாயிகள் இங்கிலாந்தின் சோமர்செட்டுக்கு ஆள் அனுப்பி, ஜோசப் ஹார்டிங் என்பவரின் செடார் சீஸ் முறையைக் கற்றுக்கொண்டார்கள். செடார் கெட்டியானது, பயணம் தாங்கும், சந்தையில் நல்ல விலை போகும். டன்லப் பின்னுக்குப் போனது. ஆக, இன்று 'பாரம்பரிய கேலோவே செடார்' என்று பெருமையாக விற்கப்படுவதன் செய்முறையே வெளியூர் இறக்குமதிதான். இரண்டாவது அடி 1933இல் வந்த பால் விற்பனை வாரியமும் அதைத் தொடர்ந்த போர்க்காலக் கட்டுப்பாடும். பாலை வாரியத்திடம் ஊற்றினால் மாதாமாதம் காசு கைக்கு வரும். எந்த விவசாயி அதற்குமேல் மெனக்கெட்டு வீட்டில் சீஸ் செய்வார்? 1984இல் ஐரோப்பியப் பால் ஒதுக்கீடு வந்து 'இவ்வளவுக்கு மேல் கறக்காதே' என்று சொன்னது. 1994இல் வாரியமே கலைக்கப்பட்டது. சூப்பர்மார்க்கெட்டுகள் விலையை நெருக்கின. அப்போதுதான் சில பண்ணைக் குடும்பங்கள் பாலைப் பாலாக விற்காமல் ஐஸ்கிரீமாகவும் சீஸாகவும் விற்க ஆரம்பித்தன. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் 'ஆர்ட்டிசான்' (கைவினைத் தயாரிப்பு) பெயர்ப்பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். பாட்டன் காலத்துத் தொடர்ச்சி என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

2001இல் கோமாரி நோய் வந்தது இன்னொரு திருப்பம். ஸ்காட்லாந்தில் உறுதி செய்யப்பட்ட 187 தொற்றுகளில் 176 இந்த மாவட்டத்தில். நோய் வந்த பண்ணைகளோடு அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் மாடுகளும் ஆடுகளும் கொல்லப்பட்டன. கிராமப் பாதைகள் மூடப்பட்டதால் சுற்றுலாவும் படுத்துவிட்டது. அதிலிருந்து எழுந்திருக்கப் பார்த்த வருடங்களில்தான் காசில் டக்ளஸ் என்ற சின்னச் சந்தை ஊர் தன்னை 'ஃபுட் டவுன்' என்று அறிவித்துக்கொண்டது. மக்கள்தொகை நாலாயிரம் சொச்சம்தான். ஆனால் கிங் ஸ்ட்ரீட் என்ற ஒரே நீளத் தெருவில் இறைச்சிக் கடைகள், பேக்கரிகள், டெலி, சாக்லெட் கடை என்று நடந்தே பார்த்துவிடலாம். அதைச் சுற்றுலாவுக்கான வேஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஊரில் கால்நடைச் சந்தை இருக்கிறது, வாங்கிப்போவது பெரும்பாலும் சுற்றுவட்டார ஜனங்கள். சுற்றுலாக்காரர் மட்டுமே வந்தால் ஜனவரியில் அந்தக் கடைகள் தாக்குப்பிடிக்காது. ஒரு ஃபார்ம் ஷாப்பை எடைபோட எனக்குப் பிடித்த வழியும் இதுதான். குளிர்கால வாரநாளில் போய்ப் பாருங்கள். உள்ளூர்க் கிழவர் ஒருவர் அரை டஜன் முட்டையும் பேக்கனும் வாங்கிக்கொண்டிருந்தால் அது கடை. மெழுகுவத்தியும் டீ டவலும் முன்னால் அடுக்கி, உணவு பின்னால் ஒரு மூலையில் இருந்தால் அது பரிசுப்பொருள் கடை.

சரி, லேபிளுக்கு வருவோம். 'ஆர்ட்டிசான்' என்ற சொல்லுக்குப் பிரிட்டனில் சட்டப்படி வரையறை கிடையாது. 'லோக்கல்' என்பதற்கும் இத்தனை மைல் என்று சட்டம் சொல்லவில்லை. 'ஃபார்ம்ஹவுஸ்' என்பது சீஸில் ஓரளவு பொருளுள்ள சொல். அதுவே ரொட்டியிலும் பாட்டே என்ற இறைச்சி விழுதிலும் வெறும் பாணியைக் குறிக்கிறது. ஏமாற்றக் கூடாது என்ற பொதுச் சட்டம் உண்டுதான். ஆனால் ஒரு மங்கலான சொல்லை வைத்து யாரை ஏமாற்றினார்கள் என்று நிரூபிப்பது லேசான காரியமில்லை. 2016இல் டெஸ்கோ, எங்கேயும் இல்லாத பண்ணைகளின் பெயரில் இறைச்சி, பழம், காய்கறிகளுக்கு ஒரு வரிசை பிராண்டுகளை இறக்கியது. விவசாயிகள் சங்கம் புகார் செய்தது. பெரிய கடையே அப்படிச் செய்யும்போது பையில் அச்சிட்ட வைக்கோல்போர் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டெலியில் இதைவிட நுணுக்கமான ஒரு பழக்கம் இருக்கிறது. அலமாரியில் கடையின் பெயரே போட்ட சட்னி, ஜாம், மார்மலேட் பாட்டில்கள் அழகாக நிற்கும். பெரும்பாலும் அவை வேறெங்கோ ஒரு தொழிற்கூடத்தில் தயாராகி, கடைப் பெயர் ஒட்டி வருபவை. அதே சட்னி இருநூறு மைல் தள்ளி இன்னொரு கடையில் இன்னொரு பெயரில் நிற்கும். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. யார் பெயரில் விற்கிறார்களோ அவர் முகவரி இருந்தால் போதும், தயாரித்தவர் முகவரி தேவையில்லை என்பதுதான் விதி. சட்னி நன்றாகவும் இருக்கலாம். ஆனால் 'இந்த ஊர்ப் பாட்டி கிண்டியது' என்று நினைத்து ஐந்து பவுண்டு கொடுக்காதீர்கள். லேபிளில் தயாரித்தவர் பெயர் இருக்கிறதா, 'இன்னாருக்காகத் தயாரிக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீஸ், பால், இறைச்சி, மீன் இவற்றில் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பாக்கெட்டில் ஒரு சின்ன நீள்வட்ட முத்திரை இருக்கும். அதற்குள் ஜிபி அல்லது யுகே என்ற எழுத்துகளும் ஒரு அனுமதி எண்ணும். எந்தக் கூடத்தில் கடைசியாகத் தயாரானது அல்லது பாக்கெட் ஆனது என்பதை அந்த எண் சொல்லும். அங்கீகரிக்கப்பட்ட கூடங்களின் பட்டியலை ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஸ்காட்லாந்து பொதுவில் வைத்திருக்கிறது, கைபேசியிலேயே தேடலாம். மேலே ஒரு கிராமத்துப் பெயரும், எண்ணைத் தேடினால் ஒரு நகரத்துத் தொழிற்பேட்டையும் வந்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு குறை: கடையிலேயே வெட்டிச் சுற்றித் தரும் துண்டில் இந்த முத்திரை இருக்காது. அப்போது வெட்டாத முழுச் சீஸ் சக்கரத்தின் லேபிளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல டெலிக்காரர் சந்தோஷமாகவே காட்டுவார்.

இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் புவிசார் குறியீடு இருக்கிறது. 'டிரடிஷனல் அயர்ஷயர் டன்லப்' அந்தப் பாதுகாப்பு பெற்ற பெயர். அயர்ஷயரில், அயர்ஷயர் மாட்டுப் பாலில்தான் செய்ய வேண்டும். 'ஸ்காட்ச் பீஃப்' என்றால் மாடு ஸ்காட்லாந்தில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். அர்ப்ரோத் ஸ்மோக்கி (புகைபோட்ட மீன்), ஸ்டார்னவே பிளாக் புட்டிங் (இரத்தம் சேர்த்த சாசேஜ்) இரண்டும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அவை கேலோவே பொருள்கள் இல்லை. ஒன்று கிழக்குக் கடற்கரையில் ஆங்கஸ் மாவட்டத்திலிருந்தும் மற்றது வடமேற்குத் தீவிலிருந்தும் வருபவை. மஞ்சள் பூ வயல் படம் போட்ட கோல்ட்-பிரஸ்டு ரேப்சீட் எண்ணெயும் அப்படித்தான், பல பாட்டில்கள் பெர்த்ஷயர், அபர்டீன்ஷயர் பக்கத்திலிருந்து வருகின்றன. 'ஸ்காட்டிஷ்' என்பதைக் கடைகள் நைசாக 'உள்ளூர்' கணக்கில் சேர்த்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஸ்ட்ரான்ரார் ஊரில் பிரெஞ்சு நிறுவனமான லாக்டாலிஸ் நடத்தும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் நீங்கள் பார்க்கும் 'சீரியஸ்லி ஸ்ட்ராங்' செடார் அங்கிருந்து வருவதுதான். சுற்றியுள்ள பண்ணைகளின் பாலில், அந்த மாவட்டத்து ஆட்கள் கையில் தயாராகிறது. ஆக, கிலோ எட்டு பவுண்டு சீஸ் கேலோவேக்காரர்தான். அதே ஊர் டெலியில் பக்கத்தில் தொங்கும் சொரிசோவும் ஆலிவும் ஸ்பெயினிலிருந்து வந்தவை. உள்ளூர்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் மலிவு சீஸே போதும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் இருபத்திரண்டு பவுண்டு மண்ணுக்குப் போவதில்லை, செய்யும் முறைக்குப் போகிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கெட்டி சீஸுக்குச் சுமார் பத்து லிட்டர் பால் வேண்டும். பண்ணை விலை லிட்டருக்கு 40 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் பாலுக்கே நான்கு பவுண்டு. இது தொழிற்சாலைக்கும் சின்னக் கூடத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன்பின்தான் பாதை பிரிகிறது. சின்னக் கூடத்தில் ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்று என்று வையுங்கள். காலையில் பால் ஊற்றி, சூடாக்கி, கல்ச்சர் (புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) சேர்த்து, பால் லேசாகப் புளித்ததும் அதை உறையவைக்கும் ரென்னெட் விட்டு, உறையக் காத்திருந்து, கம்பிச் சட்டத்தால் வெட்டி, மெதுவாகக் கிண்டிக்கொண்டே சூட்டை 39 டிகிரி வரை ஏற்றுவார்கள். நீர் வடிந்ததும் அடியில் படிந்த கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகும். அதை அறுத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் புரட்டுவார்கள். சரியான பதம் வரும்போது பாளத்தைக் கிழித்தால் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி மாதிரி நார்நாராகப் பிரியும். புளிப்பு ஏறிவிட்டதா என்று மீட்டர் சொல்லும், ஆனால் பழகியவர் அந்தக் கிழிசலைப் பார்த்தே சொல்லிவிடுவார். பிறகு பொடித்து, உப்பிட்டு, துணி போட்ட அச்சில் அடைத்து, அழுத்தத்தில் வைத்து, மறுநாள் எடுத்துத் துணி சுற்ற வேண்டும். இரண்டு பேரின் முழு நாள் வேலை, கிடைப்பது ஐம்பது கிலோ. தொட்டி கழுவுவதற்கே ஒன்றரை மணி நேரம் போகும்.

அத்தோடு முடியவில்லை. ஆறு மாதம், பத்து மாதம், ஒரு வருடம் மர அலமாரியில் கிடக்கும். ஆரம்பத்தில் தினமும், பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் புரட்டி, மேலே படியும் பூஞ்சையையும் சீஸ் பூச்சியையும் துடைக்க வேண்டும். துணி சுற்றிய சீஸ் மூச்சு விடும், ஈரம் போகும், எடை குறையும். தொழிற்சாலை செடார் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் கட்டியாக முதிர்வதால் அவ்வளவாக எடை இழக்காது. சின்னவர் ஒரு வருடம் தன் காசைக் கிடங்கில் தூங்கவைத்துவிட்டு, கடைசியில் எடையிலும் நட்டப்படுகிறார். பிறகு டெலிக்காரர் பங்கு. விற்பனை விலையில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாது. அதுவும் அநியாயம் இல்லை. ஒரு சக்கரத்தை வெட்டினால் வெட்டு முகம் தினம் காயும், தினம் சீவித் தள்ள வேண்டும். இதெல்லாம் கூட்டினால் இருபத்தைந்து, முப்பது பவுண்டு வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை. சீஸ் செய்து பணக்காரரான யாரையும் நான் பார்த்ததில்லை. இதே கணக்கைச் சட்னிக்குப் போட்டால் தேறாது. அங்கே விலையில் பெரும் பங்கு பாட்டிலுக்கும் லேபிளுக்கும் போகிறது.

சில இடங்களில் விலைக்கு வேறு காரணமும் உண்டு. கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் பக்கத்தில் ரெய்ன்டன் பண்ணை, 1994இல் 'கிரீம் ஓ கேலோவே' ஐஸ்கிரீமில் தொடங்கியது. பிறகு 'எதிகல் டெய்ரி' என்ற பெயரில் சீஸுக்கு வந்தது. கன்றைப் பிறந்த கையோடு பிரிக்காமல் மாதக்கணக்கில் தாயோடு விடுகிறார்கள். கன்று குடித்த பால் தொட்டிக்கு வராது, அவ்வளவு எளிய பொருளாதாரம். அதைத் தெரிந்தே செய்கிறார்கள், விலையிலும் அது இருக்கிறது. டம்ஃப்ரீஸுக்குத் தென்மேற்கே பீஸ்விங் கிராமத்தில் லாக் ஆர்தர் என்ற கேம்ப்ஹில் சமூகம் 1984 முதல் இருக்கிறது. கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழ்ந்து பண்ணை, சீஸ் கூடம், பேக்கரி, கடை எல்லாம் நடத்துகிறார்கள். எதிரே தெரியும் குன்றின் பெயரையே வைத்த கிரிஃபெல் என்ற அவர்களின் மிருதுவான சீஸ், மேல்தோலை உப்புநீரால் திரும்பத் திரும்பத் துடைத்து முதிரவைப்பது. மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், காரில் வைத்தால் குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான், அதனால் இந்த இடத்தில் என் பேச்சை நடுநிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதி. இனி சந்தேகமானவை. புல்லின் ருசி சீஸில் தெரியும் என்பார்கள். நிறத்தில் தெரியும், அதில் தகராறு இல்லை. மேய்ச்சல் மாட்டின் பால் கொழுப்பில் மஞ்சள் கூடும், கோடையில் செய்தது குளிர்காலத்தில் செய்ததைவிடப் பொன்னிறமாக இருக்கும். ஆனால் 'இந்தச் சரிவின் புல், அந்தக் கடற்கரையின் உப்புக்காற்று' என்று நாக்கில் பிரித்துச் சொல்பவர்கள் கண்ணைக் கட்டிவிட்டால் அவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை. கல்ச்சரும் முதிர்ந்த அறையும்தான் என் கணிப்பில் பெரிய பங்கு வகிக்கின்றன. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் கட்டாயம் உயர்ந்தது என்பதும் அப்படித்தான். ருசியில் அடுக்குகள் கூடலாம், மோசமாகவும் போகலாம். ஸ்காட்லாந்தில் பச்சைப் பாலைக் குடிப்பதற்கு விற்பது 1983 முதல் தடை. அந்தப் பாலில் சீஸ் செய்து விற்கத் தடையில்லை, ஆனால் லேபிளில் சொல்லியாக வேண்டும். 2016இல் ஓர் ஈ.கோலை தொற்றில் ஒரு குழந்தை இறந்தது. பச்சைப் பால் சீஸ்தான் காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள், தயாரித்தவர்கள் மறுத்தார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் பச்சைப் பால் சீஸ் வேண்டாம் என்பேன். கர்ப்பிணிகளுக்கு வெள்ளைப் பூஞ்சைத் தோல் உள்ள மிருதுவான சீஸ், மிருதுவான நீலப் பூஞ்சை சீஸ், சமைக்காமல் சாப்பிடும் கோல்ட்-ஸ்மோக்டு (வேகாமல் புகைபோட்ட) மீன் இவையும் ஆகாது.

மீன், இறைச்சி பற்றிச் சுருக்கமாக. ஸ்மோக்ஹவுஸில் புகை உள்ளூர், சால்மன் பெரும்பாலும் மேற்குக் கடற்கரை, தீவுப் பக்கத்துப் பண்ணை மீன். 'ஸ்காட்லாந்தில் புகைபோட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் மீன் எங்கிருந்து என்று கேட்டுவிடுங்கள். நிஜமான உள்ளூர் அதிசயம் ஸ்ட்ரான்ராரை ஒட்டிய லாக் ரயன் சிப்பி. தட்டையான நாட்டுச் சிப்பி, 1701இல் அரசர் கொடுத்த சாசனத்தின்படி இன்றும் எடுக்கிறார்கள். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் பருவம். மாட்டிறைச்சி சாப்பிடுபவராக இருந்தால் கேலோவே இன மாடு மெதுவாக வளர்வது என்பதும், இறைச்சிக் கடையில் எந்தப் பண்ணை என்று பெயர் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும் என்பதும் தெரிந்திருந்தால் போதும்.

இனி உங்கள் மனைவிக்கு. இதுதான் லேபிள் உங்களைக் கைவிடும் இடம். பாலை உறைய வைக்கும் ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படும், பூஞ்சையிலிருந்தும் எடுக்கப்படும். ஆனால் சாதாரண சீஸுக்குப் பொருள் பட்டியலே போட வேண்டியதில்லை என்பது சட்டம், எனவே ரென்னெட் எது என்று எழுதாமலே விடலாம். ஸ்காட்லாந்தின் சின்னத் தயாரிப்பாளர்களில் பலர் சைவ ரென்னெட்தான் பயன்படுத்துகிறார்கள், பலர் அதை லேபிளிலும் போடுகிறார்கள். போடாவிட்டால் கேளுங்கள், 'ரென்னெட் சைவமா?' என்ற கேள்வி எந்த டெலிக்காரருக்கும் புதிதில்லை. இத்தாலியின் பார்மீஜானோ சீஸில் கன்றின் ரென்னெட் கட்டாயம், அதனால் பார்மீஜானோ சேர்த்த பெஸ்டோ சாஸும் போயிற்று. ஓட்கேக் (ஓட்ஸ் பிஸ்கட்) சிலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பார்கள், பொருள் பட்டியலில் பாருங்கள். எல்லோரும் விழுகிற குழி ஃபார்ம் ஷாப் கஃபேயின் பருப்பு சூப். பெயர் லென்டில் சூப், பார்வைக்குச் சாம்பார் நிறம், ஆனால் ஸ்காட்டிஷ் வழக்கப்படி பன்றிக்கால் எலும்பு வேகவைத்த சாற்றில் செய்திருப்பார்கள். கேட்காமல் வாங்கவே வேண்டாம். சில ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகளில் சிப்ஸ்கூட மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான். தைரியமாக வாங்கக்கூடியவை என்றால் வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் மட்டும் போட்ட ஷார்ட்பிரெட், சர்க்கரையும் பாலும் வெண்ணெயும் காய்ச்சிய டேப்லெட். முட்டை பரவாயில்லை என்றால் அந்த மாவட்டத்து எக்லஃபெகன் டார்ட், உலர்பழம் போட்டது, அடிமாவு வெண்ணெயில் பிசைந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் விலை உறுத்தினால் அதில் ஒரு பங்கு அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சீஸுக்கு வாட் வரி இல்லை, ஐஸ்கிரீமுக்கு 20 சதவீதம்.

பயணத்துக்குச் சில நடைமுறை விஷயங்கள். காசில் டக்ளஸுக்கு ரயில் 1965இலேயே நின்றுவிட்டது. கார் இல்லையென்றால் டம்ஃப்ரீஸ் வரை ரயில், பிறகு பஸ். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை காலையே போய்விடுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் சுகாதார அட்டையில் இங்கிலாந்து மாதிரி பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான மதிப்பெண்ணைத் தேடாதீர்கள், ஸ்காட்லாந்தில் 'பாஸ்' அல்லது 'முன்னேற்றம் தேவை', இரண்டுதான். கூல் பாக்ஸ் ஒன்று எடுத்துப் போங்கள். ஒரே சீஸில் அரைக்கிலோ வாங்காமல் மூன்று வகையில் நூறு நூறு கிராமாக வெட்டச் சொல்லுங்கள், வெட்டும் முன் ருசி பார்க்கக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கைப் பிரித்து மெழுகுத் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள், சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். சில்லென்று சாப்பிட்டால் அந்த முப்பது பவுண்டு சீஸும் எட்டு பவுண்டு சீஸும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.